கடைசிப் பிடி விடும் வரை: முடியாமல் நின்ற ஒரு ஸ்கிரிப்டின் நிகழ்வு ஆய்வு

ஒரு ஸ்கிரிப்ட் இன்னொரு நிரலை ஓடவிடுகிறது. அதற்கு வரி வரியாக உள்ளீடு கொடுக்கிறது. கடைசியில் "இவ்வளவுதான், இனி வராது" என்று தெரிவிக்க வேண்டும். வரிகளைக் கொடுப்பதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. இந்தக் கடைசித் தகவலில்தான் ஸ்கிரிப்டுகள் மாட்டிக்கொள்கின்றன. இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது லினக்ஸில் பாஷ் ஷெல்லுக்காக (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரியானது. ஆனாலும் அது முடியவே முடியாது. யாரும் தம் கணினியில் ஐந்து நிமிடத்தில் இதை உண்டாக்கிப் பார்க்கலாம்.

ஸ்கிரிப்ட்

பல பதிவுக் கோப்புகளில் இருக்கும் எண்களைப் பொறுக்கி, எல்லாவற்றையும் ஒரே சார்ட் நிரலிடம் கொடுத்து, எண் வரிசையில் ஒரு கோப்பாக எழுதுவதுதான் வேலை. கோப்புகள் பெரியவை என்பதால் நேரம் பிடிக்கும். ஸ்கிரிப்ட் உயிரோடுதான் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிய, நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை அச்சிடும் ஒரு காவலாளியும் பின்னணியில் ஓடுகிறது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

எம்கேஃபிஃபோ வாய்க்கால்
சார்ட் -என் < வாய்க்கால் > விடை &
சார்ட்எண்=$!
எக்ஸெக் 3> வாய்க்கால்
( வைல் ட்ரூ; டூ ஸ்லீப் 60; டேட் >&2; டன் ) &
காவல்எண்=$!
(இங்கே கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு எண்ணையும் >&3 என்று எழுதும் சுற்று)
எக்ஸெக் 3>&-
வெயிட் $சார்ட்எண்
கில் $காவல்எண்

முதல் வரி "வாய்க்கால்" என்ற பெயருள்ள பைப்பை (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கத் தரும் குழாய்) உருவாக்குகிறது. சார்ட் அதன் படிக்கும் முனையில் உட்காருகிறது. ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பது ஒரு நிரல் தான் திறந்து வைத்திருப்பதைச் சுட்டும் எண்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. ஸ்கிரிப்ட் 3ஆம் எண் டிஸ்கிரிப்டராக எழுதும் முனையைத் திறந்து வைத்துக்கொள்கிறது. எழுதி முடித்ததும் 3ஐ மூடுகிறது, சார்ட் முடியும்வரை காத்திருக்கிறது, பிறகு காவலாளியை நிறுத்துகிறது.

சார்ட் வரியும் எக்ஸெக் வரியும் இந்த வரிசையில் இருப்பது முக்கியம். பெயருள்ள பைப்பை எழுதுவதற்காக மட்டும் திறந்தால், மறுமுனையில் படிக்க ஆள் வரும்வரை அந்தத் திறப்பே நின்றுவிடும். படிக்கத் திறப்பவருக்கும் அப்படியே. எக்ஸெக் வரி முதலில் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே உறைந்துவிடும், சார்ட் பிறக்கவே பிறக்காது. இங்கே சார்ட் பின்னணியில் முதலில் போய் நிற்பதால் இரண்டு திறப்புகளும் ஒன்றையொன்று சந்தித்து முன்னேறுகின்றன.

நோய்க்குறி

எல்லா எண்களும் எழுதப்படுகின்றன. 3 மூடப்படுகிறது. அதன் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. விடைக் கோப்பு 0 பைட்டில் நிற்கிறது. காவலாளி மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை அச்சிட்டுக்கொண்டே இருக்கிறது.

விடைக் கோப்பு காலியாக இருப்பதே ஒரு துப்பு. சார்ட் தன் உள்ளீட்டின் முடிவைக் காணாமல் ஒரு வரியைக்கூட வெளியே விடாது. இன்னும் வராத ஒரு வரி எல்லாவற்றையும் விடச் சிறியதாக இருக்கலாம் அல்லவா? ஆக, சார்ட் இன்னும் உள்ளீட்டின் முடிவைக் காணவில்லை.

இந்த நிலையில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் குழப்பம் கூடும். ஸ்கிரிப்ட் செத்துவிடும், ஆனால் நேரம் திரையில் வந்துகொண்டே இருக்கும். ஸ்கிரிப்டுக்குள் ஜாப் கன்ட்ரோல் (பின்னணி வேலைகளைத் தனித்தனியாக ஆளும் ஷெல் வசதி) அணைந்திருக்கும். அப்போது & போட்டுப் பின்னணிக்கு அனுப்பும் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்), கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்-இன்ட் சிக்னலைப் புறக்கணிக்கும்படிதான் பிறக்கின்றன. காவலாளியும் சார்ட்டும் அப்படியே பிழைத்து நிற்கும். ஸ்கிரிப்டை நாலு முறை ஓட்டி நாலு முறை கன்ட்ரோல்-சி அடித்தவர் கணினியில் நாலு சார்ட்டும் நாலு காவலாளியும் உலவிக்கொண்டிருக்கும்.

பலிக்காத மருந்துகள்

முதலில் எல்லோர் கையும் போவது கன்ட்ரோல்-டி பக்கம். டெர்மினலில் அதை அழுத்தினால் நிரல் முடிகிறது, அதன் ஆஸ்கி எண் 4, எனவே பிரிண்ட்எஃப் மூலம் 4 என்ற மதிப்புள்ள பைட்டை 3க்கு அனுப்பினால் முடிந்துவிடும் என்று எண்ணம். பலிக்காது. பைப்புக்குள் போகும் 4, மற்ற எந்தப் பைட்டையும் போல வெறும் தரவு. சார்ட் அதை ஒரு வரி என்றே எடுத்துக்கொள்ளும். எண் அல்லாத வரியை சார்ட் -என் 0 என்று மதிப்பிடும். அதனால் என்றைக்காவது விடை வெளியே வரும்போது அந்த வரி நேர்ம எண்களுக்கெல்லாம் மேலே, கோப்பின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குக் காலி வரிபோலத் தெரியும், பைட்டுகளைக் காட்டும் 'ஓடி -சி' கட்டளை போட்டுப் பார்த்தால் 004 என்று காட்டும். இந்த மருந்து நோயைத் தீர்க்காததோடு தரவையும் கெடுக்கிறது. அது கெடுத்தது பல நாள் கழித்தே தெரியவரும் என்பதால் இதை வன்மையாகவே கண்டிக்கிறோம்.

அடுத்து சிக்னல். "உள்ளீட்டு முடிவு சிக்னல்" என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், சிக்-இன்ட், சிக்-டெர்ம் போன்ற சிக்னல்களுக்கும் இதற்கும் உறவே இல்லை. கில் மூலம் சிக்-இன்ட் அனுப்பினால், மேலே சொன்ன காரணத்தால் சார்ட் அசையாது. முடியச் சொல்லும் சிக்-டெர்ம் அனுப்பினால் சாகும். வெயிட் 143 என்ற குறியீட்டைத் திருப்பித் தரும், அதாவது 128 + 15. விடை காலியாகவே இருக்கும். சார்ட் தன் தற்காலிகக் கோப்புகளைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போகும்.

மூன்றாவதாக, கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றுவது. முதலில் காவலாளியைக் கில் செய்துவிட்டுப் பிறகு வெயிட். இது வேலை செய்வதுபோல் தோன்றும், அதனாலேயே ஆபத்தானது. ஸ்கிரிப்ட் முடியும், ஆனால் ஒரு நாள் 2 விநாடியில், இன்னொரு நாள் 55 விநாடியில். "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஏன் இந்த ஏற்ற இறக்கம் என்பது காரணம் தெரிந்த பிறகு தானாக விளங்கும்.

எங்கே நிற்கிறது, யார் பிடித்திருக்கிறார்கள்

ஊகிப்பதை விட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்பதே குறுக்குவழி. இன்னொரு டெர்மினலைத் திறந்து, பிஎஸ் மூலம் சார்ட்டின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, எஸ்ட்ரேஸ் -பி (ஒரு நிரல் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டுவது) போட்டு அதனுடன் இணைய வேண்டும். உபுண்டுவில் மற்ற ப்ராசஸுடன் இணைய இயல்பாக அனுமதி இராது, நிர்வாகி உரிமையோடு ஓட்டும் 'சூடு' கட்டளை தேவைப்படும். இணைந்ததும், 0ஆம் டிஸ்கிரிப்டரிலிருந்து ரீட் என்று பாதியில் நிற்கும் ஒற்றை வரிதான் தெரியும். சார்ட் கணக்குப் போடவில்லை, டிஸ்க்கில் எழுதவில்லை, படிக்கக் காத்திருக்கிறது. நோய்க்குறியைக் கொண்டு ஊகித்தது உறுதியாகிவிட்டது.

அடுத்த கேள்வி: எழுதும் முனை யார் கையில்? பெயருள்ள பைப் என்பதால் ஃபியூசர் -வி வாய்க்கால் என்று கேட்டாலே போதும், அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ்களைக் காட்டும். மூன்று பேர் வருவார்கள். ஒன்று சார்ட், அது இருக்க வேண்டியதுதான். மற்ற இரண்டும் எதிர்பாராதவை: காவலாளியின் துணை ஷெல் (அடைப்புக்குள் உள்ளதை ஓட்டும் ஷெல் நகல்), அதற்குள் ஓடும் ஸ்லீப்.

சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றின் /ப்ராக்/எண்/எஃப்டி/ கோப்புறையை (எண் என்ற இடத்தில் ப்ராசஸ் எண்) பார்க்கலாம். சார்ட்டில் 0, துணை ஷெல்லில் 3, ஸ்லீப்பில் 3 ஆகியவை வாய்க்காலைச் சுட்டும். பக்கத்திலேயே இருக்கும் /ப்ராக்/எண்/எஃப்டிஇன்ஃபோ/3 என்ற கோப்பில் ஃபிளாக்ஸ் வரியின் கடைசி இலக்கம் 1 என்றால் எழுத மட்டும் திறந்தது, 0 என்றால் படிக்க மட்டும், 2 என்றால் இரண்டுக்கும். இங்கே இரண்டிலும் 1 இருக்கும். பெயரில்லாத சாதாரணப் பைப் என்றால் ஃபியூசருக்குக் கொடுக்கப் பெயர் இராது. அப்போது எஃப்டி கோப்புறையில் பைப் என்பதை அடுத்துச் சதுர அடைப்புக்குள் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் வேறு எந்த ப்ராசஸில் இருக்கிறது என்று தேட வேண்டும். எல்எஸ்ஓஎஃப் -இ (ஆங்கிலப் பெரிய எழுத்து) இந்த வேலையை மிச்சப்படுத்தி இரு முனைகளையும் சேர்த்தே காட்டும்.

காரணம்

உள்ளீட்டு முடிவு என்று ஒரு பைட் கிடையாது. படிக்கும் நிரல் ரீட் என்று கெர்னலைக் கேட்கிறது. கெர்னல் எத்தனை பைட் கிடைத்தது என்று எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண் 0 என்றால் அதுதான் முடிவு. பைப்பைப் பொறுத்தவரை கெர்னல் 0 தருவதற்கு இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: உள்ளே தரவு மிச்சம் இருக்கக் கூடாது, எழுதும் முனையைச் சுட்டும் டிஸ்கிரிப்டர் உலகில் எங்கும் திறந்திருக்கக் கூடாது. ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தாலும் ரீட் காத்திருக்கும். அந்தப் பிடியை வைத்திருப்பவர் எழுதுவாரா, எழுதும் எண்ணமாவது உண்டா என்று கெர்னலுக்குத் தெரியாது, அது கேட்பதும் இல்லை.

இந்த ஸ்கிரிப்டில் 3 திறந்த பிறகுதான் காவலாளி பிறக்கிறது. ஃபோர்க் (ஒரு ப்ராசஸ் தன் நகலைப் பிறப்பிப்பது) நடக்கும்போது தாயின் திறந்த டிஸ்கிரிப்டர்கள் எல்லாம் சேய்க்கும் போகும். துணை ஷெல்லிடமிருந்து அவை ஸ்லீப்புக்கும் போகும். ஸ்லீப் என்ன செய்கிறது? தூங்குகிறது. ஆனால் கையில் 3ஐப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. ஸ்கிரிப்ட் தன் 3ஐ மூடியது உண்மைதான், மூன்றில் ஒரு பிடி விட்டது. மற்ற இரண்டும் அப்படியே. சார்ட் முடியாமல் காவலாளியை நிறுத்த ஸ்கிரிப்ட் மறுக்கிறது, காவலாளி சாகாமல் சார்ட் முடிய மறுக்கிறது. அதனால்தான் முடிவற்ற காத்திருப்பு.

கில்லை முன்னால் போட்டால் ஏன் சில நேரம் 2 விநாடி, சில நேரம் 55 விநாடி என்பதும் இதே கணக்குதான். கில் துணை ஷெல்லை மட்டும் கொல்கிறது. ஸ்லீப் அனாதையாகித் தன் 60 விநாடியில் மிச்சத்தைத் தூங்கி முடிக்கும், அதுவரை 3 அதன் கையில். எந்தக் கணத்தில் கில் விழுந்தது என்பதைப் பொறுத்துத் தாமதம் 0 முதல் 60 விநாடி வரை எதுவாகவும் இருக்கலாம்.

பாஷ் எக்ஸெக் மூலம் திறக்கும் டிஸ்கிரிப்டர்களைச் சேய் நிரல்களுக்கு அப்படியே கொடுத்துவிடும். கார்ன் ஷெல் 2க்கு மேல் உள்ளவற்றை, வேறு நிரலை ஓடவிடும்போது மூடிவிடும். ஒரே ஸ்கிரிப்டை இரண்டு ஷெல்களில் ஓட்டிப் பார்த்து "அங்கே இப்படி நடந்தது, இங்கே ஏன் நடக்கவில்லை" என்று குழம்புவது இதனால்தான்.

திருத்தம்

காவலாளி வரியின் கடைசியில் நாலு எழுத்து சேர்த்தால் போதும்:

( வைல் ட்ரூ; டூ ஸ்லீப் 60; டேட் >&2; டன் ) 3>&- &

துணை ஷெல் பிறந்ததும் தன் நகலை மூடிவிடுகிறது, ஸ்லீப்புக்குப் போக ஒன்றும் இல்லை. காவலாளி வரியை எக்ஸெக் வரிக்கு மேலே நகர்த்தினாலும் பலன் ஒன்றுதான், ஏனென்றால் 3 திறக்கும் முன்பே அது பிறந்துவிடும். ஆனால் அந்த வரிசையின் காரணம் ஸ்கிரிப்டில் எங்கும் எழுதியிராது. அடுத்து வருபவர் "எல்லாத் திறப்புகளும் மேலே இருக்கட்டும்" என்று ஒழுங்குபடுத்தினால் நோய் திரும்பிவிடும். 3>&- வெளிப்படையாகத் தன் எண்ணத்தைச் சொல்கிறது, அதையே பரிந்துரைக்கிறோம்.

இதைவிட நல்லது, பெயருள்ள பைப்பே இல்லாமல் செய்வது. தரவு ஒரே திசையில்தான் போகிறது. எழுதும் சுற்றை நெளிவு அடைப்புக்குள் வைத்து, சாதாரணப் பைப் குறியால் சார்ட் -என் > விடை என்பதோடு இணைத்துவிட்டால், அடைப்பு முடிந்ததும் எழுதும் முனை தானாக மூடும். திறக்கவும் மூடவும் எண் நினைவில் வைக்க வேண்டியதில்லை. காவலாளியை அடைப்புக்கு வெளியே, அதற்கு முன்பே ஓடவிட வேண்டும். அடைப்புக்கு உள்ளே வைத்தால் பழையபடி எழுதும் முனை அதன் கையில் போய்விடும், இந்த முறை 3 என்ற பெயரில் அல்லாமல் 1 என்ற பெயரில்.

அதே நோய், வேறு உருவம்

தொடக்கத்தில் சொன்ன திறப்புச் சிக்கலைத் தவிர்க்கச் சிலர் எக்ஸெக் 3<> வாய்க்கால் என்று படிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறப்பார்கள். லினக்ஸில் அது நிற்காமல் திறக்கும். அதற்குப் பிறகு சார்ட்டை ஓடவிட்டால் சார்ட்டும் 3ஐ வாங்கிக்கொள்கிறது. இப்போது தன் உள்ளீட்டின் எழுதும் முனை சார்ட்டின் கையிலேயே இருக்கிறது. தான் விட்டால்தான் தனக்கு முடிவு வரும், அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே சார்ட்டுக்குத் தெரியாது. ஃபியூசர் சார்ட்டை மட்டும்தான் காட்டும் என்பதால் இதைப் பிடிப்பது கடினம். எஃப்டி கோப்புறையில் 0, 3 இரண்டும் ஒரே வாய்க்காலைச் சுட்டுவதைப் பார்த்தால்தான் விளங்கும்.

பைத்தானில் இது பல ஆண்டு தொல்லை கொடுத்தது. சப்ப்ராசஸ் மாட்யூலால் முதல் நிரலுக்கு ஒரு பைப் திறந்து, பிறகு இரண்டாவது நிரலை ஓடவிட்டால், முதலாவதின் எழுதும் முனை இரண்டாவதுக்கும் போய்விடும். ஸ்டிடின் (நிரலின் உள்ளீட்டு முனை) மூடியும் முதல் நிரல் முடியாது. பைத்தான் 3.2இல், அந்த மாட்யூலில் நிரலை ஓடவிடும் பாப்பென் தேவையில்லாத டிஸ்கிரிப்டர்களைச் சேயில் மூடுவதை யூனிக்ஸ் வகைகளில் இயல்பாக்கினார்கள். 2014இல் வந்த 3.4இல், விக்டர் ஸ்டின்னர் எழுதிய பெப் 446 என்ற மாற்ற முன்மொழிவின்படி, பைத்தான் திறக்கும் டிஸ்கிரிப்டர்களே இயல்பாக மரபுரிமையாகப் போகாதவை ஆயின. இந்தக் காப்பு, சேய் வேறொரு நிரலாக மாறும்போதுதான் செயல்படும். வெறும் ஃபோர்க் மட்டும் செய்து அதே பைத்தானாகத் தொடரும் சேய்களுக்கு எல்லாப் பிடிகளும் இன்றும் போகும்.

பைத்தானில் இன்னொன்று, மேலேயுள்ளதைவிட அடிக்கடி காண்பது: ஸ்டிடினில் எழுதிவிட்டு மூடாமலேயே வெயிட் அழைப்பது. எழுதியது பைத்தானின் பஃபரிலேயே (அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் நினைவிடம்) கிடக்கலாம், முனையும் திறந்தே இருக்கிறது. கம்யூனிகேட் முறையைப் பயன்படுத்தினால் எழுதுவது, மூடுவது, விடையைப் படிப்பது, காத்திருப்பது எல்லாம் அதுவே செய்யும்.

எஸ்எஸ்ஹெச் மூலம் தொலைவிலுள்ள கணினியில் ஒரு பின்னணி நிரலைத் தொடங்கினால், கட்டளை முடிந்தும் எஸ்எஸ்ஹெச் திரும்பாமல் நிற்பதும், கட்டளையின் வெளியீட்டைப் பிடிக்கும் $( ) அடைப்புக்குள் ஒரு பின்னணி நிரலைத் தொடங்கினால் ஸ்கிரிப்ட் உறைவதும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பின்னணி நிரல் 1, 2 ஆகிய முனைகளைப் பிடித்திருக்கிறது, படிப்பவர் முடிவுக்காகக் காத்திருக்கிறார். தொடங்கும்போதே </டெவ்/நல் >/டெவ்/நல் 2>&1 மூன்றையும் சேர்த்துவிட வேண்டும். ஒன்றை விட்டாலும் நிற்கும் வாய்ப்பு உண்டு.

முடிவு சீக்கிரம் வந்துவிடும்போது

எதிர்ப்பக்கமும் உண்டு. 3ஐத் திறந்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் எக்கோ 10 > வாய்க்கால், எக்கோ 20 > வாய்க்கால் என்று எழுதினால், முதல் எக்கோ முடிந்ததும் எழுதும் முனை மூடுகிறது. சார்ட் முடிவைக் கண்டு, ஒரே ஒரு வரியை வரிசைப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது எக்கோ, படிக்க ஆளில்லாமல் திறப்பிலேயே நிற்கும். இரண்டு எக்கோவும் நெருங்கி ஓடி, சார்ட் முடிவைக் காணும் முன் இரண்டாவது திறந்துவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும். ஆகவே சோதனையில் தப்பிப் பிறகு மாட்டும். எக்ஸெக் 3> எதற்கு என்றால் இதற்குத்தான்.

பலரைத் தூங்கவிடாத இன்னொன்று: கணினிப் பெயர்கள் கொண்ட கோப்பை வைல் ரீட் சுற்றில் படித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்ஹெச் ஓட்டினால் முதல் கணினியோடு சுற்று நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. சுற்றின் உள்ளீடும் எஸ்எஸ்ஹெச்சின் உள்ளீடும் ஒரே 0 என்பதால், மிச்சப் பெயர்களை எஸ்எஸ்ஹெச் வாரிக் குடித்துவிடுகிறது. எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் சேர்த்தால் தீரும். காணொளிகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலுக்கு -நோஸ்டிடின். அதைவிடப் பொதுவான தீர்வு, கோப்பை 9< என்று வேறு எண்ணில் திறந்து ரீட் -யு 9 என்று படிப்பது. அப்போது 0ஐப் படிக்கும் எந்த நிரல் உள்ளே வந்தாலும் பெயர்ப் பட்டியலைத் தொடாது.

கோப்பின் கடைசி வரியில் வரிமாற்றம் இல்லாவிட்டால் ஷெல்லின் ரீட் கட்டளை அந்த வரியை மாறியில் வைத்துவிட்டுத் தோல்வி என்று திரும்பும், சுற்று அதைக் கையாளாமல் முடியும். சுற்றின் நிபந்தனையில் "ரீட் தோற்றாலும் மாறி காலியாக இல்லையென்றால் தொடர்" என்ற பகுதியைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்கும்போது

சார்ட்டுக்கு ஒரே திசைதான். ஒரு வரி அனுப்பி ஒரு வரி வாங்க வேண்டுமானால் பாஷில் கோப்ராக் (இரு திசைக்கும் பைப் போட்டு ஒரு நிரலைப் பின்னணியில் ஓட்டுவது) இருக்கிறது, 4.0 முதல். அதன் டிஸ்கிரிப்டர்கள் துணை ஷெல்களுக்குப் போகாது என்பது பெரிய வசதி, மேலே கண்ட கசிவு இங்கே நேராது. ஆனால் இரண்டு புதிய இடங்களில் நிற்கும்.

முதலாவது பஃபர். சி நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்கள், வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி விடும், பைப்புக்குப் போனால் பஃபர் நிறையும்வரை சேர்த்து வைக்கும். எழுத்துகளை மாற்றித் தரும் டிஆர் நிரலிடம் ஒரு வரி கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தால் பதில் அதன் பஃபரில் கிடக்கும். செட்டுக்கு -யு, கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட், பைத்தானுக்கு -யு உண்டு. டெபியனில் ஆக் என்ற பெயரில் இயல்பாக வரும் மாக், உள்ளீட்டையும் சேர்த்தே படிக்கும். அதற்கு -டபிள்யூ (பெரிய எழுத்து) இன்டராக்டிவ் வேண்டும். டிஆருக்கு அப்படி எதுவும் இல்லை, எஸ்டிடிபஃப் -ஓஎல் (எல் பெரிய எழுத்து) முன்னால் போட வேண்டும். எஸ்டிடிபஃப் ஒரு நூலகத்தை நிரலோடு முன்கூட்டியே ஏற்றி வேலை செய்வதால், ஸ்டாட்டிக்காக (நூலகங்களை உள்ளேயே வைத்து) கட்டிய நிரல்களிடமும் தம் பஃபரைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிரல்களிடமும் பலிக்காது.

இரண்டாவது பைப்பின் கொள்ளளவு. லினக்ஸில் இயல்பாக 65,536 பைட். பதிலைப் படிக்காமல் எழுதிக்கொண்டே போனால், நிரலின் வெளியீட்டுப் பைப் நிறைந்து அது எழுத முடியாமல் நிற்கும். நின்றதால் படிப்பதையும் நிறுத்தும், அப்புறம் உள்ளீட்டுப் பைப்பும் நிறைந்து ஸ்கிரிப்டும் நிற்கும். பத்து வரிச் சோதனையில் தெரியாது, உண்மைத் தரவில்தான் தெரியும். எழுதுவதை ஒரு ப்ராசஸும் படிப்பதை இன்னொன்றும் செய்தால் நிற்காது.

4 என்ற பைட் எங்கே செல்லுபடியாகும்

டெர்மினலில் கன்ட்ரோல்-டி வேலை செய்வது நிரலால் அல்ல, இடையில் இருக்கும் கெர்னலின் டெர்மினல் அடுக்கால். அது 4ஐக் கண்டதும், இதுவரை தட்டியதை வரி முடியாவிட்டாலும் படிப்பவரிடம் தள்ளுகிறது, 4ஐத் தானே விழுங்கிவிடுகிறது. தள்ள ஒன்றும் இல்லையென்றால் படிப்பவருக்கு 0 பைட் கிடைக்கும், அதுதான் முடிவு. வரியின் நடுவில் கன்ட்ரோல்-டியை இரண்டு முறை அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான்: முதலாவது பாதி வரியைத் தள்ளுகிறது, இரண்டாவது முடிவைத் தருகிறது. இந்த முடிவு நிரந்தரமும் அல்ல. நிரல் மறுபடி ரீட் கேட்டால் டெர்மினல் மறுபடி கொடுக்கும்.

கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் பல 0ஆம் டிஸ்கிரிப்டரைப் பார்ப்பதே இல்லை. நேராக டெர்மினலையே சுட்டும் /டெவ்/டிடிஒய் திறந்து கேட்கும், பைப்பில் என்ன அனுப்பினாலும் அவற்றுக்குப் போகாது. சூடுவுக்கு -எஸ் (பெரிய எழுத்து) போட்டால் 0இலிருந்து படிக்கும். அப்படி வழி இல்லாத நிரலுக்குப் போலி டெர்மினல் (நிரலுக்கு உண்மை டெர்மினல் போலவே தெரிவது) தேவை. அதற்குத்தான் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்தில் டான் லைப்ஸ் 1990இல் டிக்கிள் மொழியின் மேல் எக்ஸ்பெக்ட் கருவியைக் கட்டினார், இன்றும் அதுவே பயன்படுகிறது. போலி டெர்மினல் வழியே அனுப்பும்போது 4 என்ற பைட் மெய்யாகவே முடிவைத் தரும், ஏனென்றால் இடையில் டெர்மினல் அடுக்கு இருக்கிறது.

இங்கே விதி, கேள்வி வந்த பிறகே பதில் அனுப்புவது. கடவுச்சொல் கேட்கும் நிரல், எழுத்து திரையில் தெரியாதபடி அமைப்பை மாற்றும்போது அதுவரை வந்து படிக்காமல் கிடக்கும் உள்ளீட்டைக் கொட்டிவிடும். ஸ்லீப் 1 போட்டு ஊகமாக அனுப்பும் ஸ்கிரிப்டுகள் பாரம் அதிகமான நாளில் தோற்பது இதனால். இன்னொரு வரம்பு: லினக்ஸில் இந்த வரி முறையில் ஒரு வரிக்கு 4,095 எழுத்துதான், அதற்கு மேல் போனவை தொலையும்.

விண்டோஸில் கன்சோலில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி என்டர் தட்ட வேண்டும். கோப்பின் அளவை 128 பைட் துண்டுகளாகவே அறிந்திருந்த சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தில், உரை எங்கே முடிகிறது என்று காட்ட 26 என்ற மதிப்புள்ள பைட்டை (கன்ட்ரோல்-இசட்) வைத்தார்கள். அதன் எச்சமாக, விண்டோஸின் சி நூலகம் உரை முறையில் திறந்த உள்ளீட்டில் 26ஐக் கண்டால் இன்றும் நின்றுவிடும். பைனரித் தரவில் தற்செயலாக 26 வந்தால் மிச்சம் தொலைந்துவிடும். பைப் என்றால் அங்கும் முனையை மூடுவதுதான் வழி. படிப்பவருக்கு 109 என்ற பிழை எண் வரும், நூலகம் அதை முடிவாக மொழிபெயர்த்துக் கொடுக்கும்.

நின்றால் தெரியும்படி

திருத்திய ஸ்கிரிப்டிலும் நாளை யாராவது ஒரு & சேர்க்கலாம். சார்ட் வரியின் முன்னால் டைம்அவுட் 3600 போட்டு வைத்தால், ஒரு மணி நேரத்தில் முடியாத சார்ட் கொல்லப்படும், வெயிட் 124 தரும். இந்த நேரம் எழுதும் சுற்றையும் சேர்த்துக் கணக்காவதால், சுற்று வழக்கமாக எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு விட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்தால் சிக்-பைப் (படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதினால் வரும் சிக்னல்) வந்து ஸ்கிரிப்டே 141 என்ற குறியீட்டோடு சாகும்.

124 வந்தால் வாய்க்காலை அழிக்கும் முன் ஸ்கிரிப்டே ஃபியூசர் -வி வாய்க்கால் ஓட்டி, வருவதைப் பதிவுக் கோப்பில் எழுதட்டும். சார்ட் போய்விட்டது, ஸ்கிரிப்ட் தன் 3ஐ மூடிவிட்டது. பட்டியலில் எஞ்சி நிற்கும் ப்ராசஸ் எண்கள்தான் பிடியை விடாதவை.